தேசியக் கருத்தரங்குக்கு ஆறு ஜீப்பு

எனக்குக் காலேஜுன்னா ஒண்ணும் வெறுப்புக் கெடையாது. தெனம் காலையில ரெண்டு காலேஜு பஸ்சுக்கு வழிவிட்டுட்டுத்தான் போடியில ஜீப்ப எடுக்குறேன். ஆனா அந்த வியாழக்கெழமைக்கு அப்பறம் எவனாவது எங்கிட்ட வந்து கருத்தரங்குன்னு சொன்னா, ஒரு நிமிசம் பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான் பதில் சொல்றேன். இல்லன்னா வாயில என்ன வருமோ எனக்கே தெரியாது.

எம்பேரு பிச்சைமணி. ஊரு சிலமலை. போடியிலருந்து மேல ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போற பொம்பளைகள ஏத்தி எறக்குறது என் சோலி. எந்தங்கச்சி பவதாரணி கம்ப்யூட்டர்ல டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணுனா. ஏலக்காயத் தட்டுல பரப்பி ஒரு போட்டோ எடுத்தா, எது பெருவெட்டு, எது சிறுவெட்டு, எது நெறம் வெளுத்தது, எது வாய் பொளந்ததுன்னு கம்ப்யூட்டரே சொல்லிப்புடணும். அதுதான் ஆராய்ச்சி. ஆறு வருசம். அம்புட்டு வருசமும் மேலருந்து காய் கொண்டாந்து குடுத்தவன் நாந்தான். அப்பாவும் அம்மாவும் போனப்பறம் வீட்டுல நாங்க ரெண்டே பேரு. அவ படிப்புன்னா அதுல பாதி எம்படிப்புன்னு வச்சுக்கங்க.

ஆறு வருசம் முடியிற அந்த வெள்ளிக்கெழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஆய்வேட்டக் கொண்டுபோய்ப் பல்கலைக்கழகத்துல குடுத்தாகணும். தவறுனா பதிவு ரத்து, மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கணும். ஆய்வேடு எழுதி முடிச்சு ரெண்டு மாசமாச்சு. அதுல கொறைன்னு ஒருத்தரும் சொல்லல, ஏன்னா இன்னும் ஒருத்தரும் படிக்கல. இழுத்துக்கிட்டு நின்னது கூட வைக்க வேண்டிய காயிதம். கற்பித்தல் அனுபவம் தொண்ணூத்தாறு மணி நேரம், உரையாற்றல் அனுபவம் அஞ்சு. ரெண்டுக்கும் சான்று வேணும்னு விதி.

கற்பிக்கிறதுக்கு என்ன கொறைச்சல்னு நான் கேட்டேன். அவ ஆராய்ச்சி பண்ணுன வெற்றித்திலகம் பொறியியல் கல்லூரியில மொத வருசப் பிள்ளைகளுக்கு ஆறு வருசமாப் பாடம் நடத்துனதே அவதான். அவளோட வழிகாட்டிப் பேராசிரியருக்கு எப்பவும் மீட்டிங்கு இருக்கும். அதனால அவரு வகுப்பையெல்லாம் இவ எடுத்தா. ஆனா ரிஜிஸ்தர்ல இருக்கறது அவரு பேரு.

அந்தக் காலேஜுல தர உறுதிக் குழுன்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு ஒருங்கிணைப்பாளர் பொன்னுமணி சார். கழுத்துல ரெண்டு அடையாள அட்டை மாட்டியிருப்பாரு, ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு இருக்கணுமாம். நடந்தத நம்மால மாத்த முடியாது, ஆனா நடந்ததுக்குப் பக்கத்துல இன்னொண்ண எழுதிக்கலாம்னு அவரு ஒரு வழி சொன்னாரு. பேராசிரியர் பாடம் நடத்தியபோது செல்வி பவதாரணி தொண்ணூற்றாறு மணி நேரம் உடனிருந்து உதவினார்னு சான்று வந்துச்சு. வகுப்புக்கே வராத மனுசன் நடத்துனாரு, நடத்துனவ உதவுனா. இதுக்கு நன்றி தெரிவிச்சு அவ தனியா ஒரு கடுதாசி வேற எழுதிக் குடுத்தா.

உரையாற்றல்ல நாலு முடிஞ்சிருந்துச்சு. முடிஞ்சதுன்னா அவ பேசி முடிச்சான்னு நெனச்சுக்காதீக. தேவாரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல நடந்தது எனக்கு நல்லா நெனவிருக்கு. நாந்தான் கூட்டிட்டுப் போனேன். மொதல்ல குத்துவெளக்கு. வயக்காட்டுக் காத்து அத அஞ்சு தடவ அணைச்சுச்சு. அப்பறம் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை நாலு, பொன்னாடை, நினைவுப் பரிசு. பவதாரணி மைக்கப் பிடிச்சு அனைவருக்கும் வணக்கம்னா. போட்டோ விழுந்துச்சு. போட்டோ விழுந்ததும் பெல்லும் அடிச்சுருச்சு. நன்றியுரை மட்டும் பன்னெண்டு நிமிசம் ஓடுச்சு. சான்றுல நாப்பது நிமிசம் செறிவாக உரையாற்றினார்னு போட்டிருந்தாக. மத்த மூணும் இதே கதைதான், ஊரு மட்டும் வேற.

அதுல அவளுக்கு மனசே ஆறல. அஞ்சாவதாவது நெசமாப் பேசணும்ணேன்னு சொல்லி, எடத்த அவளே பிடிச்சா. போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழ, ரோட்ட விட்டு மண்பாதையில உள்ள போனா ஒரு சின்ன ஏலத்தோட்டம். காய உலத்தி எடுக்குற கட்டடத்த அங்க ஸ்டோருன்னு சொல்வாக. அங்க காயத் தரம் பிரிச்சுப் பொறுக்குற பொம்பளைக இருபது பேரு. எல்லாம் என் ஜீப்புல வர்றவகதான். ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம் அவுகள உக்கார வச்சு, கம்ப்யூட்டர் எப்பிடிக் காயப் பாக்குதுன்னு ஒன்றரை மணி நேரம் சொன்னா. அந்தக் கூட்டத்துக்குத் தலைவி ஆயம்மா அக்கா. முப்பது வருசமாக் காய் பொறுக்குது. அது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி முடியல, அடுத்த வாரம் வந்து சொல்றேங்க்கான்னு சொல்லிட்டு எறங்குனா. போட்டோ நாந்தான் எடுத்தேன். எந்த ஊருல எத்தன மணிக்கு எடுத்ததுன்னு படத்து அடியிலயே அச்சாகுற கேமரா. அப்பிடி இருந்தாத்தான் சான்று செல்லும்.

மறுநா அந்தப் படத்தப் பாத்து பொன்னுமணி சாரு ரொம்ப வருத்தப்பட்டாரு. வெளக்கு எங்க, பேனர் எங்க, பொன்னாடை எங்கன்னு ஒண்ணொண்ணாக் கேட்டாரு. கடைசியா அடியில இருந்த எழுத்தப் படிச்சதும் படத்த மேசையில வச்சுட்டாரு. இடுக்கி மாவட்டம், கேரளான்னு இருந்துச்சு.

அந்த எடத்துக்குப் பட்டா போடி தாலுகா. ஆனா போனுக்குப் பட்டா தெரியுமா. மலைக்கு அங்கிட்டு இருக்க டவரப் பிடிச்சுக்கிட்டு, நாலடி நகந்தா கேரளாவுக்கு வருகன்னு மெசேஜு அனுப்பிரும். நானே எத்தனையோ தடவ ஜீப்பு சீட்ட விட்டு எந்திரிக்காம கேரளாவுக்குப் போயிட்டு வந்திருக்கேன். இதச் சொன்னா அவரு ஏத்துக்கல. அனுமதியில்லாம வெளிமாநிலத்துல உரையாற்றிட்டீங்க, இது பெரிய பிரச்சினைன்னு படத்த எடுத்துக்கிட்டு முதல்வர் அறைக்குப் போனாரு. நாங்களும் பின்னாடியே போனோம். அன்னைக்குத் திங்கக்கெழம. அந்த வெள்ளிக்கெழமைக்குப் பதினோரு நாள் இருந்துச்சு.

முதல்வர் முனைவர் முத்துக்கிருஷ்ணன் படத்த ரொம்ப நேரம் பாத்தாரு. கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுட்டு மறுபடி பாத்தாரு. அவரு மொகத்துல கோவமே இல்ல, அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. அப்பறம் பொன்னுமணி சாரப் பாத்து, "இந்த ஆண்டு நாம் நடத்திய தேசியக் கருத்தரங்குகள் எத்தனை?" ன்னு கேட்டாரு.

ஒண்ணும் இல்லன்னாரு பொன்னுமணி.

"தரமதிப்பீட்டுக் குழு அடுத்த மாதம் வருகிறது. பன்னிரண்டு வேண்டும். பிற மாநிலத்தில் நடந்தால் அது தேசியம். பிற மாநிலம் நம் வாசலிலேயே இருந்திருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை."

அப்ப எந்தங்கச்சி பேசுனத அஞ்சாவதா ஏத்துக்கங்க சார்னு நான் குறுக்க விழுந்து கேட்டேன். பொன்னுமணி சாரு எனக்குப் பொறுமையா வெளக்குனாரு. அதுல கல்லூரி இல்ல, வெறும் உரைதான் இருக்குன்னாரு. முறைப்படி அதே எடத்துல மறுபடி நடத்தி, அதுல இவளையும் பேச வச்சுரலாம்னு முடிவாச்சு.

அப்பறம் தேதி நகந்துச்சு பாருங்க. வியாழக்கெழமன்னாக, பேனர் அச்சாகல. சனிக்கெழமன்னாக, கட்டடவியல் துறைக்காரவுக எங்களுக்கும் ரெண்டு வேணும்னு வந்து நின்னாக. அப்பறம் எந்திரவியல், அப்பறம் யோகா. எப்பிடியும் ஜீப்பு போகுதுல்ல, பன்னெண்டையும் ஒரே நாள்ல முடிச்சுருவோம்னு முதல்வர் சொல்லிட்டாரு. கடைசியா விழுந்த தேதி அடுத்த வியாழக்கெழம. மறுநா வெள்ளி. பன்னெண்டுல பவதாரணியோடது பன்னெண்டாவது, ஏன்னா அவ மட்டும்தான் மாணவி. அவ ராவும் பகலும் தூங்கல. நான் வானத்தையே பாத்துக்கிட்டுத் திரிஞ்சேன். அந்த மாசத்துல மத்தியானம் மூணு மணிக்கு மேல மூடுபனி, நாங்க சொல்ற மஞ்சு, எறங்கிரும். எறங்குனா அந்த மண்பாதையில முன்னால போற ஜீப்போட வெளக்குகூடத் தெரியாது.

வியாழக்கெழம காலையில முதல்வர், துறைத்தலைவர்க, கேக்க உக்காருறதுக்குக் காலேஜுப் பிள்ளைகன்னு ஆறு ஜீப்பு போச்சு. என் ஜீப்புல முன் சீட்டு குத்துவெளக்குக்கு. அதுக்கு ஒண்ணும் ஆகிரக்கூடாதுன்னு துண்ட வச்சுக் கட்டி உக்கார வச்சிருந்தாக. பவதாரணி பின்னால பேனர் கட்டுக்கு நடுவுல ஒத்தக்கால மடக்கி உக்காந்து வந்தா. வளைவுல நான் வெரசாத் திருப்பும்போதெல்லாம் பொன்னுமணி சாரு வெளக்கு வெளக்குன்னாரு.

மேல போய் எறங்குனா கேரளாவக் காணோம். ஸ்டோருக்குள்ள போட்டோ எடுத்துப் பாத்தாக, தேனி மாவட்டம். வாசல்ல எடுத்தாக, தேனி மாவட்டம். பொன்னுமணி சாரு போன நெஞ்சுக்கு நேரா நீட்டிக்கிட்டு ஏலச்செடிக்குள்ள நடந்தாரு. பின்னால முதல்வர், அவருக்குப் பின்னால பதினோரு துறைத்தலைவர்க. முக்கால் மணி நேரம் தோட்டம் பூராம் சுத்துனாக. ஆயம்மா அக்கா எங்கிட்ட வந்து, எதத் தொலச்சுப்புட்டாகன்னு கேட்டுச்சு. கேரளாவத் தேடுறாகக்கான்னேன். அது அந்தா மேல இருக்குன்னு கைய நீட்டிச்சு. பாவம், அதுக்கு வெவரம் பத்தாது.

கடைசியில அகப்பட்டுச்சு. ஸ்டோருக்குப் பின்னால தண்ணித் தொட்டிக்கும் சாணிக் குழிக்கும் நடுவுல, ரெண்டு கட்டில் அகலத்துக்குக் கேரளா கெடந்துச்சு. நாலு பக்கமும் சுண்ணாம்பப் போட்டுக் கோடு இழுத்தாக. அதுக்குள்ள வெளக்கு, மைக்கு, பேனர் எல்லாம் வச்சாக. முதல்வர் கேரளாவுல நின்னாரு, பிள்ளைக எல்லாம் தமிழ்நாட்டுச் சரிவுல உக்காந்து அண்ணாந்து பாத்துச்சுக.

மொதக் கருத்தரங்கு தொடங்குச்சு. முதல்வரு தலைமையுரையில சொன்னத நான் அப்பிடியே சொல்றேன், ஏன்னா அன்னைக்கு அதையே பதினோரு தடவ கேட்டேன்.

"அன்பு மாணவர்களே! சான்று இல்லாத அறிவை யாரும் நம்ப மாட்டார்கள். அறிவு இல்லாத சான்றோ, குறைந்தபட்சம் கோப்பிலாவது இருக்கும். எது நிலைக்கும் என்று நீங்களே சிந்தியுங்கள். நம் கல்லூரியில் இருபது ஆண்டுகளாக ஒரு கோப்புகூடத் தொலைந்ததில்லை. மாணவர்கள் வருகிறார்கள், போகிறார்கள்."

எல்லாரும் கை தட்டுனாக. பொன்னாடை ஒண்ணுதான் இருந்துச்சு. ஒருத்தருக்குப் போத்தி போட்டோ எடுத்ததும் உருவி அடுத்தவருக்குப் போத்துனாக. நாலாவது ஆளுக்கு வரும்போது அது சாணிக் குழியில ஒரு முனை நனைஞ்சிருந்துச்சு, மடிச்சுப் பிடிச்சுக்கிட்டாக. பேனர் மாத்துறதுக்கு ரெண்டு நிமிசம், வெளக்க ஊதி அணைச்சு மறுபடி ஏத்துறதுக்கு அஞ்சு நிமிசம். தோட்டத்துல வேலை பாத்த ஜார்கண்டுப் பையங்க ஒம்போது பேரக் கூப்பிட்டு முன் வரிசையில உக்கார வச்சாக. அயல்மாநிலப் பிரதிநிதிகள்னு எழுதிக்கிட்டாரு பொன்னுமணி. அப்பறம் எங்கிட்ட மெதுவா வந்து, பக்கத்துத் தோட்டத்துல நேபாளத்துக்காரங்க யாராச்சும் இருப்பாங்களான்னு விசாரிச்சாரு. எதுக்கு சார்னேன். ஒருத்தர் கெடச்சாலும் ஒண்ண சர்வதேசம் ஆக்கிரலாம்னாரு.

மணி ரெண்டரை ஆகியும் ஏழுதான் முடிஞ்சிருந்துச்சு. மேல மேட்டுல வெள்ளையா ஒரு திரை கட்டுன மாதிரி மஞ்சு தெரிஞ்சுச்சு. பவதாரணி தொட்டி ஓரத்துல லேப்டாப்ப நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னா. நான் பொன்னுமணி சாருகிட்டப் போய் வாழ்த்துரையக் கொறச்சுக்கங்க சார், பாதை மறைஞ்சுரும்னேன். வாழ்த்துரை இல்லாம நடந்தா அது கருத்தரங்கு இல்ல, பயிலரங்குன்னு அவரு சொன்னாரு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேக்க எனக்குத் தெம்பு இல்ல.

பதினொண்ணு முடியும்போது மணி மூணே முக்கால். எதிர்ல இருக்க மரம் தெரியல. முதல்வரு ஜீப்புப் பக்கம் நடக்க ஆரம்பிச்சுட்டாரு. பன்னெண்டாவது பேனர அவதி அவதியாக் கட்டுனாக. சாணிக் குழிப் பக்கம் எவளோ வழுக்கி விழுந்துட்டதால, மைக்க ரெண்டடி தள்ளி வச்சாக. பவதாரணிக்குப் பொன்னாடையப் போத்தி, கையில மைக்கக் குடுத்து, போட்டோ எடுத்துக்கிட்டு எறங்கிருவோம்னாரு பொன்னுமணி. போன நீட்டுனாரு. நீட்டுனபடியே நின்னாரு. மஞ்சு எறங்குனதும் டவரு போயிருச்சு. இடம் தேடப்படுகிறதுன்னு போனுல ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு.

அவ பேச ஆரம்பிச்சா.

யாரும் தடுக்கல. தடுத்தா மைக்கு கைமாறும், வட்டம் நிக்கிற நேரத்துக்கு அவ கையில மைக்கு இருக்கணும். அதனால பேச விட்டாக. நம்ம கண்ணு ஒரு காயப் பாத்து இது நல்ல காய்னு எப்பிடி முடிவு பண்ணுதுன்னு தொடங்குனா. கம்ப்யூட்டருக்கு அப்பிடி ஒரு கண்ணு கெடையாது, நாம காட்டுன பல்லாயிரம் படத்த வச்சு அது ஊகிக்குது, அம்புட்டுத்தான்னா. சரிவுல குளுருக்கு எந்திரிச்சு ஒதறிக்கிட்டு நின்ன பிள்ளைக திரும்ப உக்காந்துச்சுக. ஸ்டோருக்குள்ள இருந்து காய் பொறுக்குற பொம்பளைக ஒவ்வொருத்தரா வெளிய வந்தாக.

ஆயம்மா அக்கா அவளப் பாத்துக் கேட்டுச்சு. "ஏ ஆத்தா, வெயிலடிக்கிறப்ப பச்சையாத் தெரியிற காய் இந்த மாதிரி மஞ்சுல வெளுத்துத் தெரியும். நாங்க கையில உருட்டிப் பாத்து சரி பண்ணிக்கிருவோம். ஒம்மிசினு என்ன பண்ணும்?"

"தப்பாச் சொல்லும்க்கா," ன்னா பவதாரணி. "நான் படம் எடுத்ததெல்லாம் வெயில் நாள்ல. மஞ்சுப் படம் ஒண்ணக்கூட நான் அதுக்குக் காட்டல. என் ஆராய்ச்சியில பெரிய ஓட்டை அதுதான். ஆறு வருசத்துல நீங்க ஒருத்தர்தான் அதக் கண்டுபிடிச்சிருக்கீக."

தன் ஓட்டைய மைக்குல சொல்றாளேன்னு எனக்குப் பகீர்னுச்சு. ஆனா அவ மொகம் அப்பிடி ஒரு தெளிவா இருந்துச்சு. கண்ணாடி போட்ட ஒரு ரெண்டாம் வருசப் பொண்ணு, பேரு சுசித்ரா, அப்ப மஞ்சுப் படத்தையும் சேத்துக் காட்டுனா சரியாகிருமா மேடம்னு கேட்டா. ஒரு பய, வெயில் படத்தையே மஞ்சு மாதிரி மாத்திக் காட்டலாமேன்னான். இருபத்தஞ்சு நிமிசம் ஓடுச்சு. அன்னைக்குப் பூராம் நடந்ததுல ஒருத்தர் பேசி இன்னொருத்தர் கேட்டது அது ஒண்ணுதான்.

அப்பத்தான் வட்டம் நின்னுச்சு. பொன்னுமணி சாரு டக்குனு போட்டோ எடுத்துப் படத்துக்கு அடியில பாத்தாரு. தேனி மாவட்டம், தமிழ்நாடு. ரெண்டடி தள்ளி வச்ச மைக்கு கோட்டுக்கு வெளிய வந்திருந்துச்சு.

முதல்வரு ஜீப்புலருந்து எறங்கி வந்தாரு. பதினொண்ண வச்சுக்கிட்டு நான் என்ன செய்யன்னு கேட்டாரு. பவதாரணியக் கோட்டுக்குள்ள போய் நின்னு மைக்கப் பிடிச்சு வாயத் தொறந்து வச்சுக்கச் சொன்னாக. சத்தம் வேண்டாம், நேரமில்ல, வாய் மட்டும் தொறந்திருக்கட்டும்னாக.

"நான் பேசி முடிச்சுட்டேன் சார். மறுபடி பேசச் சொல்லுங்க, பேசுறேன். சும்மா வாயத் தொறந்துக்கிட்டு நிக்க மாட்டேன்," ன்னுட்டா.

நான் கெஞ்சுனேன். ஒரு நொடி நில்லு ஆத்தா, நாளைக்கு வெள்ளிக்கெழமன்னேன். அவ மைக்கத் தொட்டி மேல வச்சுட்டு வந்து ஜீப்புல ஏறிட்டா. பொன்னுமணி சாரு கொஞ்சமும் அசரல. சுசித்ராவக் கூப்பிட்டு, பவதாரணி கழட்டிப்போட்ட பொன்னாடையப் போத்திக் கோட்டுக்குள்ள நிறுத்தி, வாயத் தொறக்கச் சொல்லி எடுத்தாரு. விழுந்துச்சு, இடுக்கி மாவட்டம், கேரளா. மஞ்சுல பொன்னாடை தெரிஞ்சுச்சு, தொறந்த வாய் தெரிஞ்சுச்சு, மொகம் தெரியல. எனக்கு அப்ப வந்தது கோவமில்ல, நிம்மதி. வெக்கத்த விட்டுச் சொல்றேன்.

கீழ வந்ததும் அஞ்சாவது சான்றும் அந்தப் படமும் எங்கைக்கு வந்துச்சு. படத்தக் கிழிச்சுப் போடுண்ணேன்னா பவதாரணி. கிழிச்சுட்டேன்னேன். அவ தான் நெசமாப் பேசுன தமிழ்நாட்டுப் படத்த வாங்கிச் சான்றோட ஒட்டிக் கோப்புல வச்சா. விதியில அஞ்சு உரைன்னுதான் இருக்கு, தேசியம்னு எங்கயும் இல்ல, இதுவே போதும்னா. அது சரிதான். தேசியம் வேண்டியிருந்தது காலேஜுக்கு, அவளுக்கில்ல.

வெள்ளிக்கெழம விடியவும் பஸ்சப் பிடிச்சோம். தென்மலைத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிப் பிரிவுல எங்களுக்கு முன்னால முப்பது பேரு. எல்லாருக்கும் அன்னைக்குத்தான் கடைசி நாளு போல. எங்க முறை வந்தப்ப மணி நாலு இருபது. கவுண்டர்ல இருந்தவரு பேரு தவசி. நிதானமான மனுசன். நானூறு பக்க ஆய்வேட்ட வாங்கி, தொறக்காமலே ஓரத்துல வச்சாரு. சான்றுகள ஒவ்வொண்ணா வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு. கற்பித்தல் சரி. உரை ஒண்ணு சரி, ரெண்டு சரி, மூணு, நாலு சரி. அஞ்சாவதுக்கு வந்ததும் மூக்கச் சுருக்கிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு.

"இதுல எல்லாரும் உங்களையே பாக்குறாங்களேம்மா," ன்னாரு.

ஆமா சார், நான் பேசிக்கிட்டு இருந்தேன்ல, கேட்டுக்கிட்டு இருந்தாகன்னா அவ.

"மத்த நாலு படத்தையும் பாருங்க. எல்லாரும் கேமராவப் பாத்து நிக்கிறாங்க. அதுதான் நிகழ்ச்சி. இருபத்திரண்டு வருஷமா இந்த சீட்டுல இருக்கேன். உண்மையான கருத்தரங்குல பேசுறவங்களை யாரும்மா பாப்பாங்க? இது ஜோடிச்ச படம்."

மணி நாலு முப்பத்தஞ்சு. வேணும்னா இப்பவே பேசிக் காட்டுறேன் சார், நின்ன எடத்துலயே நாப்பது நிமிசம் பேசுறேன், நீங்களே கேட்டுட்டு முடிவு பண்ணுங்கன்னா பவதாரணி. அவருக்கு அவ மேல கோவமெல்லாம் இல்ல. பரிதாபமாத்தான் பாத்தாரு.

"பேசுறதைக் கேக்குற அதிகாரம் இந்தக் கவுண்டருக்குக் கிடையாதும்மா. வேற படம் இருந்தாக் குடுங்க. இல்லன்னா அஞ்சு மணிக்குப் பதிவேட்டை மூடிருவேன்."

மேலதிகாரியப் பாக்கணும்னா. அவரு கருத்தரங்குக்குப் போயிருக்காருன்னாரு தவசி. பத்து நிமிசம் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தா. யாருக்கோ போன் போட்டா, எடுக்கல. நாலு ஐம்பது ஆச்சு. எங்களுக்குப் பின்னால நின்ன பையன் அழுக ஆரம்பிச்சுட்டான், அவனுக்கு வேற ஏதோ காயிதம் இல்ல.

நான் சட்டைப் பைக்குள்ள கைய விட்டேன். சுசித்ரா வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிற படத்த எடுத்துக் கவுண்டருக்குள்ள நீட்டுனேன். தவசி வாங்கிப் பாத்தாரு. பேனரு, பொன்னாடை, வெளக்கு, மைக்கு, கேரளா. மொகம் சரியாத் தெரியலையேன்னு கேட்டுருவாரோன்னு பயந்தேன். அவரு சிரிச்சாரு.

"தேசிய அளவா? இதை முதல்லயே குடுத்திருக்கலாமேம்மா. நானும் உங்களைப் போட்டு வதைச்சுட்டேன்."

முத்திரையத் தூக்குனாரு. அந்த நேரம் பவதாரணி எம்மொகத்தப் பாத்தா. அவ கை கவுண்டர் பலகை மேலதான் இருந்துச்சு. படம் அவ விரலுக்கு ஒரு சாண் தள்ளிக் கெடந்துச்சு. நெனச்சிருந்தா பிடுங்கியிருக்கலாம். பிடுங்கல. முத்திரை விழுந்துச்சு, நாலு ஐம்பத்திரண்டு.

இப்ப அவ டாக்டர் பவதாரணி. வாய்மொழித் தேர்வும் நல்லபடியா முடிஞ்சுருச்சு, அன்னைக்கும் வாழ்த்துரை நீண்டுட்டதால கேள்வி கேக்க நேரமில்லாமப் போச்சாம். அந்தக் காலேஜுக்கு அவ திரும்பப் போகல, தேனியில வேற எடத்துல சேந்துட்டா. ஞாயித்துக்கெழம பஸ்சுல மேல போயி, மஞ்சுக்குள்ள காய வச்சுப் படம் எடுக்குறா, ஆயம்மா அக்காகூட மணிக்கணக்கா உக்காந்து பேசுறா. அந்த அக்காதான் எனக்கு வந்து சொல்லும். பஸ்சுல போறா, கவனிச்சீகளா. என் ஜீப்புல ஏறுறதில்ல.

அவளுக்கு எம்மேல கோவமா, அன்னைக்குக் கைய நீட்டாத தன்மேல கோவமான்னு எனக்குப் பிடிபடல. கேட்டாத்தானே தெரியும். நான் தட்டுல சோத்தப் போட்டு வைக்கிறேன், அவ எடுத்துக்கிட்டு உள்ள போயிர்றா. ஆறு வருசம் ஓடி ஓடி, அவ பேசுனதுக்கு அஞ்சு சான்று வாங்கிக் குடுத்துட்டேன். எங்கூட அவ ஒரு வார்த்த பேசி ஏழு மாசமாகுது.